மனை எண் 37

இருபதடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி
ஒரு முனையை அடைக்கலம் பிடித்தார்,
மறு முனை என் கையில்.
குமிழி போகத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம்.
தண்ணீர் கொஞ்சம் ஆடி
இரு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது.
காம்பவுண்டுச் சுவருக்கு அதன் பேச்சைக் கேட்டோம்.
தெருவுக்குக் கேட்கவில்லை.

குன்றக்குடிக்குத் தெற்கே செம்புறைச் சரிவு.
நாற்பத்தாறு மனை.
ஓடை என்று எந்தப் புலப்படத்திலும் இல்லை,
ஓடையாகும் அளவுக்கு
அங்கே மழை ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.
சூரைப் புதரில் தங்கி,
ஆவாரம் தூரில் சுற்றி,
கறையான் புற்றுக்குள் நுழைந்து பார்த்து,
செம்மண் குடித்தது போக மிச்சம்
மறுநாள் பொழுது சாய
கீழே கண்மாய்க்குப் போய்ச் சேரும்.

ஜேசிபி மூன்று நாளில் முடித்தது.
பிறகு தார், பேவர் கல்,
வாசல்வரை சிமெண்டு,
சிமெண்டின் ஓரத்திலும் சிமெண்டு.

கணக்குப் போட்டேன்.
வடிகால் இரண்டேகால் அடி அகலம் வந்தது.
வயிரவன் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"சதுர அடி என்ன விலை போகுது, தெரியுமாம்மா?"
தெரியும்.
ஒன்றரை என்று எழுதினேன்.
என் கையெழுத்து.

பூங்காவுக்கு விட்ட இடம் உச்சியில்,
கடப்பாரை இறங்காத பாறை மேல்.
விற்க முடியாததைத்தான்
பொதுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்.

ஐப்பசி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை.
பெரிய மழை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
பேப்பரில் ஒரு வரி வந்தது.
ஆனால் ஒரு பகல் ஒரு இரவு எடுத்து இறங்கிய தண்ணீர்
இருபது நிமிடத்தில் இறங்கியது.
எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றால்
அது எங்கே நிற்கும்?
வடிகாலைத் தாண்டி, சாலையைச் சாலையாகவே பிடித்து,
ஜெயசீலி டீச்சரின் வானத்துக்குள் விழுந்தது.
முதல்நாள்தான் கடைக்கால் தோண்டியிருந்தார்கள்.
கம்பிக்கட்டு மூழ்கி
காபித்தூள் நிறத்தில் ஒரு குளம்.

டீச்சர் சத்தம் போடவில்லை.
சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு
சரிவை அண்ணாந்து பார்த்தார்.
"மேல நாற்பது வீட்டுத் தண்ணி.
என் நம்பர் அதுக்கு யாரு கொடுத்தா?"

பையில் கால்குலேட்டர் இருந்தது.
வாயில் ஒன்றும் இல்லை.
பிறகு,
"நான்தான் டீச்சர்" என்றேன்.
வயிரவன் செல்போனில் வராத அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டே
காருக்குப் போனார்.

அதற்குப் பின் நடந்ததில் பாதி ஆபீஸ் வேலை.
எழுதினால் கவிதையாகாது:
நான்கு மனு, ஒரு வக்கீல் நோட்டீஸ்,
ஆறு மாதம் எனக்குச் சம்பளமில்லை.
முடிவில் டீச்சருக்கு மேல்வரிசையில் 21.
வடிகாலை உடைத்து இரண்டேகால்.
முப்பத்தேழில்
ஆளுயரம் தோண்டி, கரை கட்டி,
கண்மாய்ப் பக்கம் சின்னதாக ஒரு கலுங்கு.
வாசலில் குழி எடுத்துக் கருங்கல் நிரப்ப
பன்னிரண்டு வீடு சம்மதித்தது.
மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள்.
பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்ரூவல் படத்தில் அது இன்னும் மனைதான்.
நட்ட கல்லையும் யாரும் பிடுங்கவில்லை.
மேலே 3, கீழே 7,
மஞ்சள் பெயிண்டில்.
காவலுக்கு இருக்கும் சேவுகனிடம் சொல்லியிருக்கிறேன்:
ஏழு மூழ்கினால் கவலையில்லை, தூங்குங்கள்.
மூன்றைத் தொட்டால்
எந்நேரமானாலும் எனக்குப் போன் அடியுங்கள்.

வயிரவனின் புது போர்டு
பிள்ளையார்பட்டி ரோட்டில் நிற்கிறது:
"ஊருணி வசதியுடன் கூடிய மனைகள்."
விலை ஏறிவிட்டதாம்.

நேற்று ராத்திரி இரண்டரைக்கு ஓட்டில் தூறல்.
விளக்குப் போடாமல் போனைக் கையில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
தூறல் வலுத்தது. விட்டது. திரும்ப வந்தது.
போன் வரவில்லை.
விடிந்ததும் நானே கூப்பிட்டேன்.
"ஏழுல பாதி" என்றார் சேவுகன்,
"மூணு மேல ஒரு தவளை."