மைனஸ் எழுபத்தைந்து

பலாத்தோன் ஏரி உறைந்துபோன பிப்ரவரியில்
பதினோராம் முறையாகக் குறி தவறினேன்.
அட்டையின் ஐந்தாம் நரம்புமுடிச்சு
கடுகைவிடச் சிறிது.
மெழுகுத் தட்டில் கசிந்த சிவப்பு
அதன் ரத்தமல்ல,
போன மாதம் அது குடித்த மாட்டு ரத்தம்.

நரம்பணுவுக்கென்று இறக்கிய கண்ணாடி ஊசி
வேறெதற்குள்ளோ புகுந்து நின்றது.
ஒலிபெருக்கியில் சோளப்பொரிச் சத்தம் இல்லை.
மைனஸ் எழுபத்தைந்து மில்லிவோல்ட்,
அசைவில்லை.

"கிளியா," என்றான் கெலெர்ட்
கோட்டுப் பொத்தானைத் தேடியபடி.
"வெறும் பசை. எடுத்துவிடு, எமெஷே."
ஃபுரெடுக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினான்.

நான் எடுக்கவில்லை.
ஆர்வமெல்லாம் இல்லை, விரல் விறைத்திருந்தது.
சும்மா இருப்பானேன் என்று
பக்கவேரில் மின்சாரம் தொட்டேன்.

முடிச்சுக்கு நானூறு நரம்பணுக்கள்.
எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகிற ஜாதி.
பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும்
துளிப் பொட்டாசியத்தை வெளியே துப்பும்.
நடுவில் இந்த ஊமைகள் இரண்டே இரண்டு.
எழுபத்தைந்து, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு:
தாளில் பேனா மெதுவாக மேடேறியது,
மூச்சிரைக்கும் கிழட்டுக் குதிரைபோல.

எச்சில் யாருடையதென்று கேட்கவில்லை.
உடம்பெல்லாம் திறந்த வாசல்,
ஒவ்வொன்றும் ஓர் அயனி நுழையும் அகலம்.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும்:
குடித்திருக்கும், கொஞ்சம் வீங்கியும் இருக்கும்.
அட்டைக்குள்ளும் ஓர் அட்டை.
பிறகு பேனா இறங்கியது,
வந்த வழியே, அவசரமில்லாமல்.

பேரியம் இரண்டு சொட்டு விட்டேன்.
ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள்.
வாசல்கள் அடைபட்டன.
நாற்பதுக்கு வந்துவிட்டது ஊமை.
நரம்புகள் முதலில் கூச்சலிட்டன,
ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்தின,
பின் தங்கள் எச்சிலிலேயே மூழ்கி
ஒவ்வொன்றாக அடங்கின.

(நரம்பின் வாசலையும் பேரியம் அடைக்கும்.
தெரியும்.
நாளைக் காலை கெலெர்ட் அதைத்தான் சொல்வான்,
சொல்வதும் நியாயம்.)

இருபத்தாறு நிமிடம் கழுவினேன்.
ஐம்பது. அறுபத்தொன்று.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.
எழுபத்துநான்கு.
ஒலிபெருக்கியில் முதல் பொரி வெடித்தது;
சிரித்துவிட்டேன், அறையில் ஒருவருமில்லை.

குறிப்பேட்டில் 'அணுவின் பெயர்' என்றொரு கட்டம்.
பத்து வரிசையில் 'தவறு' என்று என் கையெழுத்து.
பதினொன்றில் பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

அப்போது ஏரியில் பனி பிளந்தது
கரையிலிருந்து கரைவரை,
பீரங்கிபோல.
திஹான் நாய்களெல்லாம் குரைத்தன.
சன்னல் கண்ணாடி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க
பேனா தாளில்
ஒரு நேர்கோட்டை
இழுத்துக்கொண்டே போனது.