நாலு இடைவெளி

காளவாசல் சிக்னலுக்கு மேலே, இரண்டாம் மாடி.
கீழே பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
எங்கள் மேசைகள் நடுங்கும்.
நான்கு பேர். ஒரே சம்பளத் தேதி, ஒரே வைஃபை.
எடிட்டர் மட்டும் ஆளுக்கொன்று.

துளசிராமுடையது இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் பழைய மென்பொருள்.
உரிமம் முடிந்ததென்று தினமும் காலையில் அது எச்சரிக்கும்;
கொசுவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு உட்காருவான்.
ஒச்சப்பனுக்குக் கறுப்புத் திரை.
அவன் மவுஸ் தூக்குவாளி மூடிபோல் ஓரமாய்க் கிடக்கும்.
பெனடிக்டா நேராக சர்வரிலேயே திருத்துவாள்,
ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவளைப்போல.
என்னுடையது ஊரெல்லாம் வைத்திருப்பது.
அதற்காகவும் ஒருநாள் சிரித்தார்கள்.

முகூர்த்த நாள் காலை
திருமங்கலத்துக் கல்யாண மண்டபத்தின் பக்கத்தில்
தமிழ் மொத்தமும் கேள்விக்குறியாகிவிட்டது.
வாடகைத் தொகை பிழைத்திருந்தது. போன் எண் பிழைத்திருந்தது.
அந்த எண்ணிலிருந்தே மண்டபக்காரர் கூப்பிட்டார்:
"ஏம்மா ஜன்னத்து, எம் பொண்டாட்டி பேர்ல கட்டுன மகாலு,
அவ பேரையே கேள்வியா கேட்டு வச்சிருக்கீக?"

துளசிராம் திரையைத் திருப்பிக் காட்டினான்:
"என் சிஸ்டத்துல சரியாத்தான தெரியுது."

அன்று மாலையே சேதுபாண்டியன் சார் சொன்னார்,
திங்கள் முதல் எல்லாருக்கும் ஒரே மென்பொருள்.
"டீம்னா ஒரே ஜெர்சி வேணும்ல?"
ஒச்சப்பன் விசைப்பலகையிலிருந்து கையெடுக்காமல்,
"ஜெர்சி சரி சார். பேட்டுமா ஒண்ணு?"
கம்ப்ரஸர் ஓடியது. யாரும் பேசவில்லை.

பிறகு பேசினோம்.
டேப் வேண்டாம், நாலு இடைவெளி.
சேமிக்கும்போது யூனிகோடு.
சர்வரில் நேராகக் கைவைக்கக்கூடாது
(பெனடிக்டா ஜன்னலைப் பார்த்தாள்).
இதற்கு மூன்று மணி நேரமும் பதினொரு டீயும் ஆயின.
நாலா, இரண்டா என்பதற்கு மட்டும் ஆறு டீ.

அக்கா மகள் காதுகுத்துக்கு ஒச்சப்பன் உசிலம்பட்டி போனான்.
அவன் இருக்கையில் நான். ஒரு வரி திருத்தினேன்,
வெளியே வர வழி தெரியவில்லை.
எதை அழுத்தினாலும் எங்கோ ஒரு வரி காணாமல் போனது.
கூப்பிட்டேன். மைக்செட் சத்தத்துக்கு நடுவே கத்தினான்:
"எஸ்கேப்! கோலன்! கியூ!"
"வாசல் வைக்காம வீடு கட்டுவாங்களாடா?"
"அந்த மூணுந்தான் வாசல். கிடா வெட்டப் போறாக, வச்சிர்றேன்."

நாலு நாள் அங்கேயே இருந்தேன்.
என் எடிட்டரை நான் மாற்றவில்லை; மாற்றப் போவதுமில்லை.
ஆனால் நேற்றிரவு
லேப்டாப்பிலிருந்தே அத்தாவுக்கு அனுப்பினேன்,
'வர நேரமாகும், சாப்பிட்டுத் தூங்குங்க'.
அதன் வாலில்
ஒரு கோலனும் ஒரு கியூவும்.

அது யாரு என்று
பதில் வந்தது.