கேள்வி ஏழு

களியக்காவிளைச் சோதனைச் சாவடி,
டிசம்பர் பதினெட்டு, இரவு இரண்டு பத்து.
காலித் தட்டுகளோடு திரும்பும் முட்டை லாரியின்
பத்துச் சக்கரத்துக்கும் ஸ்டெலின் மருந்தடிக்கிறான்.
டிரைவர் தலையை நீட்டிக் கத்துகிறார்:
“மேல பறக்கதுக்கும் அடியும் ஓய்,
அதுவளாக்கும் பாஸ் இல்லாம போவுது!”
இந்த வாரம் இதைச் சொன்ன ஒன்பதாவது டிரைவர்.
சிரித்து வைத்தோம்.

எனக்கு ஒரு மேசை, ஒரு டார்ச்,
நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி,
பதினோரு கேள்விகள் அச்சடித்த தாள்.
எல்லைக்கு அந்தப்புறம்
வாத்துகள் செத்துக்கொண்டிருந்தன.

திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறி
ஒரே மூச்சில் ஒப்பித்தேன்:
செத்த பறவையைத் தொடாதீங்க,
உயிர்க்கோழிச் சந்தைப் பக்கம் போகாதீங்க,
அரைவேக்காட்டு முட்டை வேண்டாம்,
கறி உள்ளே வரைக்கும் வேகணும்,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க,
காய்ச்சல் வந்தா எங்கே போய்ட்டு வந்தீங்கன்னு
டாக்டர்ட்ட முதல்ல சொல்லுங்க.
தூங்குகிறவர்கள் தூங்கினார்கள்.
மலைக்குப் போய்வந்த சாமி ஒருவர்
“நாங்க மண்டலம் முழுக்க முட்டையே பாக்கலியே” என்றார்.
ஒரு குழந்தை மட்டும்
தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது.

கடைசி இருக்கையில் ததேயுஸ்.
நாற்பத்திரண்டு வயது, கீழமணக்குடி.
வள்ளத்தின் எஞ்சின் கடனில் போனபிறகு
குட்டநாட்டில் ஏதோ கூலிவேலை.
ஒன்று முதல் ஆறு வரை
இல்ல, இல்ல, இல்ல.
ஏழு: கடந்த பத்து நாட்களில்
நோயுற்ற அல்லது இறந்த பறவைகளைக் கையாண்டீர்களா?
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
“நானூறு வரைக்கும் எண்ணினேன் சிஸ்டர்.
பொறவு எண்ணல்ல.”

ஆம், இல்லை.
தாளில் இரண்டு கட்டங்கள்தான்.

முழு உடுப்பு கொடுத்தார்களாம்.
கையுறை இரண்டாம் நாளே கிழிந்ததாம்.
சாக்கில் போடும்போது
கழுத்து அப்படிச் சூடாக இருக்குமாம்.
கண் ஏன் சிவந்திருக்கு என்றேன்.
உறக்கம் இல்லை என்றார்.
வெப்பமானி நூற்றொன்று புள்ளி இரண்டு என்றது.

அதுவரை தூங்கிய பஸ் முழுக்க விழித்துக்கொண்டது.
யாரோ அவருடைய பையைக்
காலால் படிக்கட்டுக்குத் தள்ளினார்கள்.
அது என் செருப்பருகே வந்து விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன், நின்றேன்.
கையுறை போட்டிருந்தேன், முகக்கவசமும் போட்டிருந்தேன்,
நின்றேன்.
அவரே இறங்கி எடுத்தார்.
ஜிப் விட்டுப்போய் நேந்திரங்காய் சிப்ஸ் தெரிந்தது.
“எண்ணெயில பொரிச்சதாக்கும்,” என்றார்,
“நல்லா வெந்தது. பிள்ளைகளுக்கு.”

நூற்றெட்டு வண்டி ஆசாரிப்பள்ளத்துக்கு அவரைக் கொண்டுபோனது.
சிப்ஸ் மஞ்சள் பைக்குள் போனது.
மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளி
ஐஸ் பெட்டியில் புனேவுக்குப் பறந்தது.

அந்த வாரம் மார்த்தாண்டத்தில் பிராய்லர் கிலோ அறுபது ரூபாய்.
கிறிஸ்மஸுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்டுக்கறி.
அவர் மனைவி புஷ்பமேரி தினமும் கூப்பிட்டாள்:
காய்ச்சல் உண்டா, கஞ்சி குடிச்சாரா,
குடிலுக்கு வைக்கோல் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரி
எதுக்காக்கும் திருப்பித் தந்திட்டுப் போறா?
கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் முடிவு வந்தது.
பறவைக்காய்ச்சல் இல்லை.
வெறும் மழைக்காலக் காய்ச்சல்தான்.
ஸ்டெலின் சாவடிக் கம்பத்தில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான்.
நானே ததேயுஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
அவர் வெகுநேரம் பேசவில்லை.
வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

“எழுதினியளா சிஸ்டர்?”
“எதை?”
“நானூறு.”
“இல்ல. ஆம்னு டிக் போட்டேன்.”
“அது மதியா?”

இருந்த சார்ஜ் தீர்ந்ததோ, அவரே வைத்தாரோ.
நாகர்கோவில் போகும் அடுத்த பஸ்
மழையோடு வந்து நின்றது.
டேங்கில் மருந்து தீர்ந்துபோச்சு என்று
ஸ்டெலின் ஏணியிலிருந்து கத்தினான்.