எடைமேடைக்கு முகவரி இல்லை

பெகுவுக்குத் தெற்கே, ரயில் கேட்டைத் தாண்டி,
நெல் ஆலை வாசலில் பதினேழு லாரி.
வைகாசியின் முதல் மழை
தார்ப்பாய்களில் குளம் கட்டுகிறது.
எடைமேடை அறையில் கோ தெய்ன் ஸா
புதுக் கணினியின் முதுகைத் தட்டிப் பார்க்கிறான்,
முலாம்பழம் வாங்குகிறவன் மாதிரி.
அது 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் காட்டுகிறது.

அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
கேட்டுக் கேட்டு ஒருவரும் பதில் சொல்லாதபோது
ஓர் இயந்திரம் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பெயர்.
அதை வைத்துக்கொண்டு
வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது.

நேற்று நான்தான் எடைமேடையைப் பிரித்து
முப்பதாம் விலானில் போட்டேன்.
"கேமராக்களோட நெரிசல்ல எடைக்கணக்கு நசுங்குது"
என்றார் சவுரிமுத்து,
ரங்கூனிலிருந்து, போனில், எதையோ மென்றுகொண்டே.
பிரித்தது சரி.
முகவரி கொடுக்கிற சர்வர்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

புதிதாக வந்த கணினிக்குக் கூவ மட்டுமே தெரியும்:
யாராவது இருக்கிறீர்களா, எனக்கோர் எண் தாருங்கள்.
யாரைக் கேட்பதென்று தெரியாததால் எல்லாரையும் கேட்கும்.
கூவல் தன் விலானைத் தாண்டாது.
தாண்டவும் கூடாது.
தாண்டினால் ஆலையின் இருநூறு பெட்டிகளும்
ஒன்றையொன்று கூவியே ஓய்ந்துபோகும்.

நீலக் கேபிளைச் சுவிட்சில் செருகினேன்.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
முப்பதுக்குள் நுழைந்து ஒரே வரி:
ஹெல்ப்பர் அட்ரஸ், பத்து, இருபது, ஒன்று, ஐந்து.
தூது என்றால் இவ்வளவுதான்.
அன்னமில்லை, கிளியில்லை.
கூவலைப் பிடித்து, அதன்மேல் தன் விலாசத்தை எழுதி,
இன்னாரிடம் போ என்று தள்ளிவிடும் தகரப் பெட்டி.
தன் விலாசத்தை எழுதுவதில்தான் சூட்சுமம்.
எந்தக் குவியலிலிருந்து அள்ளிக் கொடுப்பதென்று
சர்வர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

மறுபடி கேட்க வைத்தேன்.
169.254.
இன்னொரு தரம்.
169.254.
ஜன்னலில் ஒரு வெற்றிலை வாய்:
"மா மோ, இன்னைக்கா, நாளைக்கா?"

(ஆலைப் பதிவேட்டில் நான் மோ மோ.
வீட்டில் இருளாயி.
எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.
மோ என்றால் பர்மியத்தில் மழை.)

சாக்கைத் தலையில் போட்டு முற்றத்தைக் கடந்தேன்.
சர்வரில் போக வரவை விரித்துப் பார்த்தால்
இருபத்து மூன்று கேள்வி வந்திருக்கிறது.
இருபத்து மூன்று பதில் கிளம்பியிருக்கிறது.
அத்தனையும்
போன வருஷமே கம்பி அறுந்த பழைய மோடத்தின் வாசலுக்கு.
அது பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாக விழுங்கியபடி இருந்தது.

நான் இவ்வளவு நேரமும்
கேள்வியைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

திரும்பும் வழியை எழுதினேன்:
முப்பதுக்குப் போவது இந்தப் பக்கம்.
எழுதி முடிக்கும் முன்பே முற்றத்தின் அந்தக் கோடியில்
கோ தெய்ன் ஸாவின் சீட்டி.
10.20.30.11.
எட்டு மணி நேரக் குத்தகை.
பக்கத்தில் ரசீது அச்சுப்பொறிக்குப் பன்னிரண்டு.

முதல் லாரி மேடை ஏறியது. கரண்ட் போயிற்று.

யூபிஎஸ் பாட்டரி
பகோடா திருவிழா ஒலிபெருக்கிக்குப் போனது
போன வாரம்; யாரும் சொல்லவில்லை.
ஜெனரேட்டர் இருமி எழுந்தபோது
சுவிட்ச் நேற்று வரைக்குமான ஞாபகத்தோடு விழித்தது.
அந்த ஒரு வரியை எழுதினேனே தவிர
சேமிக்கச் சொல்லவில்லை.
கணினி பழைய குத்தகையை இறுகப் பிடித்துக்கொண்டது.
அச்சுப்பொறிக்குப் பிடிக்க ஒன்றுமில்லை,
திரும்பவும் ஆளில்லாத இடத்தில் கூவிக்கொண்டிருந்தது.

சவுரிமுத்துவின் அழைப்பை எடுக்கவில்லை.
அதே கேபிள், அதே வரி.
கீழே இன்னொரு வரி: சேமி.
சேமித்ததா என்று ஒரு தரம் படித்தேன்.
படித்ததை நம்பாமல் இன்னொரு தரம்.

சீட்டு வந்தது, ஓரம் ஈரமாக.
பதினான்கு டன் முந்நூற்று இருபது கிலோ.
ஓட்டுநர் அதை நான்காக மடித்துத்
தொப்பிக்குள் வைத்தார்.
அதில் நெல் எவ்வளவு, மோ எவ்வளவு என்று
அவரும் சொல்லவில்லை,
கோ தெய்ன் ஸாவும் கேட்கவில்லை.
அடுத்த லாரி ஏறியது.