ஆமை விளக்கு

ஒவ்வொரு காலையும் என் கார்
ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் எழும்.
யோகோஹாமாவில் யாரோ ஓட்டிக் களைத்த வண்டி.
பன்னிரண்டு கட்டங்களில் எட்டுதான் மிச்சம்.
மீதி நான்கையும் அந்த ஊர்ச் சாலைகள்
தின்றிருக்கும்.

வைக்கவைட்டியிலிருந்து டனீடனுக்கு நாற்பது கிலோமீட்டர்.
திரும்பவும் அதே நாற்பது.
நடுவில் கில்மாக் மேடு.
ஏறும்போது கந்துவட்டிக்காரன் மாதிரி உருவிக்கொள்ளும்,
இறங்கும்போது சில்லறை தரும்.

ஜூலை எங்களுக்குக் கடுங்குளிர்.
ஹீட்டர் போட்டால் வீடு போய்ச் சேர முடியாது.
மடியில் வெந்நீர்ப் பை.
கண்ணாடியின் உள்பனியைத் துடைக்க
மகன் விட்டுப்போன ஒற்றைக் காலுறை.
பால் டேங்கர் முன்னால் போனால் அதிர்ஷ்டம்,
அதன் முதுகில் ஒண்டிக்கொண்டு
காற்றில்லாமல் போகலாம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
அங்கே இருப்பது ஒரே சார்ஜர்.
எலும்பு டாக்டரின் நீளக் கார்
பால்குடி மறக்காத கன்றாய்
அதிலேயே நிற்கும்.

வியாழன் மாலை மண் சரிந்து கில்மாக்கை மூடிவிட்டார்கள்.
கடலோரமாகச் சுற்றிப் போகச் சொன்னது ஆரஞ்சுப் பலகை.
எல்லாம் வளைவு, எல்லாம் மேடு.
திரையில் இருபத்தொன்று.
பதினாறு.
ஒன்பது.
அப்புறம் எண்ணே இல்லை, மூன்று கோடுகள்.
அப்புறம் மஞ்சளாய் ஓர் ஆமை.

விளக்கெரிந்த ஒரே வீடு
க்ளைவ் மக்ராக்கனுடையது.
என் முன்னாள் கணவனின் அண்ணன்.
ஒரு மீன்பிடிப் படகு யாருக்கு என்பதில்
பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.

கதவைத் திறந்தான், என்னைப் பார்த்தான்,
காரைப் பார்த்தான்.
கம்பளி கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து
வயரை இழுத்து வந்தான்.
"எவ்வளவு நேரம் ஆகும், ரேவின்?"
"அரை மணி" என்று பொய் சொன்னேன்.

இரண்டு மணி நேரம்.
சீஸ் வைத்து ரொட்டி சுட்டான்.
வானிலை அறிக்கையை இரண்டு முறை பார்த்தோம்.
செருகியைப் பிடுங்கப் போனபோது
கொட்டகை மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே
அந்தப் படகு.
கோழி ஒன்று அதில் அடைகாத்துக்கொண்டிருந்தது.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

மின்சாரத்துக்கென்று ஐந்து டாலர் நீட்டினேன்.
மறுக்காமல் வாங்கினான்.
பையைத் துழாவி
இரண்டு டாலர் நாணயத்தைத் திருப்பித் தந்தான்.

சாவியைத் தட்டியதும் கார் பேசியது.
ஜன்னலில் குனிந்து கேட்டான்:
"என்ன சொல்கிறது?"

"தெரியாது, க்ளைவ்.
ஆறு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது."