ஏழாம் மாதிரி

காலையில் எஃகுக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.
மெலிதாக, ஒற்றைப் பூச்சு,
உரிய வேண்டும் என்பதற்காகவே.
எஃகு எங்கே தன் எல்லையைத் தாண்டுகிறதோ
அங்கே வெள்ளை பொருக்குப் பொருக்காய் உதிரும்.
உர்ஸ் ஏணியில் நின்று கேமராவைத் துடைத்தான்.
வெளியே டிராம் திரும்பும் கிறீச்சொலி.

ஒரு தூண். ஓர் உத்தரம். மேலே கான்கிரீட் தளம்.
உத்தரத்தின் முதுகில் பற்றவைத்த ஆணிகளைத்
தளம் தலையோடு விழுங்கி வைத்திருக்கிறது.
இரண்டும் சேர்ந்து உழைக்கும் என்று
காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பாசல் நகரம் இடிந்து விழுந்தது
ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தாறில்,
ஓர் அக்டோபர், இருட்டிய பிறகு.
இன்னொன்றுக்காகக் காத்திருக்க முடியாது.
ஆகவே ஒரு ஜாக், மிக மெதுவாக,
உத்தரத்தின் நுனியைத் தாழ்த்துகிறது, தூக்குகிறது.
அரை நிமிட நடுக்கத்தை
நாலு மணி நேரமாக இழுத்திருக்கிறோம்,
நடுவில் காபி உண்டு.

நுனி தாழும்போது தளம் கீறுகிறது, முடி அகலம்.
பென்சிலால் அதன் பின்னாலேயே போய்
ஓரத்தில் குறிக்கிறேன்: இருபது மில்லிமீட்டர், இரண்டாம் சுற்று.
உயரும்போது அதே கீறல் வாயை மூடிக்கொள்கிறது,
ஒன்றும் சொல்லாததுபோல்.

திரையில் வளையங்கள் பருத்தன.
இவ்வளவு ஆற்றலைத் தின்ற எஃகு சுடுமென்று
இடைவேளையில் கைவைத்துப் பார்த்தேன். இல்லை.
இத்தனை மெதுவாக நடந்தால் எதுவும் சுடுவதில்லை.

அறுபதில் கீழ்த்தகடு உதடுபோல் பிதுங்கியது.
சுண்ணாம்பு கொட்டியது. நல்லது.
உத்தரம்தான் தோற்க வேண்டும்,
தூண் தோற்றால் மாடிமேல் மாடி.
நாணல் கதை சொல்ல வராதீர்கள்,
இதன் எடை இரண்டு டன்.

பிறகு, மேல்நோக்கிய பாதியில்,
தூணை ஒட்டி வார்த்த தளம்
தோள் கொடுத்தது. நாங்கள் கேட்கவில்லை.
உத்தரம் கணக்கைவிடப் பலமானது,
அந்தப் பலம் முழுவதும் கீழே
வெல்டிங் மேல் இறங்கி
ஒரு வெடிச் சத்தம்.
கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் குனிந்தோம்,
குனிந்து முடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தோல்வியின் காரணம் என்ற கட்டத்தில்
'கேட்காத உதவி' என்று எழுதினேன்.
உர்ஸ் அதை அடித்து
'தளத்தின் பங்கு' என்று திருத்தினான்.
அதுவும் சரிதான்.
எட்டாம் மாதிரிக்குத் தூணைச் சுற்றி
ஒரு விரற்கடை நுரைப்பஞ்சு வைக்கிறோம்,
தளம் தொடாமல் நிற்கட்டும்.

டிராமில் என் பக்கத்து இருக்கைக்காரி
கோட்டைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்.
முழங்கை வரை சுண்ணாம்பு.