தாங்கி

எங்கள் ஊரில் தாங்கி என்றால் முதலில்
சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கி.
அசையாது. யாரையும் சுடாது.
சும்மா நின்றே எத்தனையோ பேரைச்
சண்டை பிடிக்க வைத்திருக்கிறது.

இது மற்றத் தாங்கி.
உட்துறைமுக வீதியில், ஃபோன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில்
வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் ஓடுவது.
ஏழு கணினி. ஐந்துதான் வேலை செய்யும்.
மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கதிரைக்காக
ஹம்தான் ஐந்தரைக்கே வந்துவிடுவான்.

ஆட்டம் தொடங்கி நாலாவது விநாடி
கொட்டகையில் நிற்கும் ஒரே தாங்கி அவனுடையது.
நாங்கள் மூன்று பேர் பின்னால் ஓட வேண்டும்,
புழுதி தின்றுகொண்டு.

நான் திருத்துகிற ஆள்.
கையில் ஒரு வெல்டிங் குழாய், இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி,
அது எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாது.
இரண்டு வருடமாக அந்த நாட்டில் நான் பார்த்ததெல்லாம்
தாங்கியின் பின்தகடு.
பகலிலும் கிட்டத்தட்ட இதுதான்:
படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன்,
கடலுக்குப் போவதில்லை.

ஆட்டம் முடிய பலகை விழும்.
ஹம்தான், முப்பத்தொன்பது.
நான், பூச்சியம்.
பக்கத்தில், கண்ணைச் சுருக்கினால் தெரிகிற எழுத்தில்,
திருத்தியவை: பதினாறு.
தாங்கி என்ற சொல்லை அப்போது யோசிப்பேன்.
யார் தாங்கி?

கொடி எப்போதும் அவர்களிடம் போய்விடும்,
அதை யாரும் பேசுவதில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை ஆட்டத்தைத் திருத்தி அனுப்பினார்கள்.
தாங்கியின் தோல் மெலிந்துவிட்டது.
இரண்டு ரொக்கெட், எரிந்தது.
"இது தாங்கியோ பிஸ்கட் டின்னோ?" என்று
ஹம்தான் எலியை மேசையில் அடித்தான்.
எதிரணியில் இருந்து ஆறு மாதமாகச் செத்துக்கொண்டிருந்த தெனுவன்
"தென் ஹரி" என்றான், தேநீரை உறிஞ்சி.

கண்ணிவெடியைக் கூட்டலாம் என்றாள் பவதாரா.
ஒரு ஆட்டத்துக்கு ஒரு தரம்தான் தாங்கி என்றான் அஸ்ஜத்.
என்னைக் கேட்கவில்லை. சொன்னேன்:

தோலைத் திருப்பிக் குடுங்கோ. கண்ணை எடுங்கோ.
ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு கீற்று மட்டும் தெரியட்டும்,
கதவிடுக்கால் தெருவைப் பார்க்கிற மாதிரி.
மிச்சத்தை நடக்கிற ஆட்கள் சொல்லட்டும்.

தெனுவனுக்கு அது பிடித்தது, அல்லது
ஹம்தான் குருடாவது பிடித்தது.
எங்கள் சொந்த சேர்வரில் இரவோடிரவாக மாற்றிவிட்டான்.

அடுத்த வெள்ளி.
தாங்கி புறப்பட்டது, மதிலில் முட்டியது, நின்றது.
காதுக்குள் ஒரு குரல் வந்தது.
அவனிடம் மைக் இருப்பதே எங்களுக்கு மறந்திருந்தது.

"இடப்பக்கம் என்ன?"
வேலி, என்றேன். வேலிக்குப் பின்னால் ஒரு வீடு.
கொடியில் உடுப்புக் காயுது.
"உள்ளுக்கு ஆள் இருக்கா?"

எதிரியைத்தான் கேட்டான்.
நான் ஜன்னலடிக்குப் போனேன்.
கட்டில், குடம், சுவரில் ஒரு கலண்டர்.
அந்த வரைபடத்து வீடுகளில் ஒருவரும் இருப்பதில்லை,
செய்தவர்கள் ஆட்களை வைக்கவில்லை.
எத்தனை தடவை இந்தச் சுவரால் நேரே போயிருக்கிறோம்.
ஆள் இருக்கா என்று கேட்டுவிட்டு வருகிற தாங்கியை
இந்தக் கரையில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

இல்லை, என்றேன். ஆனாலும் சுற்றிப் போ.
ஏன் என்று கேட்கவில்லை. சுற்றிப் போனான்.
அதில் நாற்பது விநாடி வீண்.

நாலு புள்ளியால் தோற்றோம்.
ஹம்தான், பதினொன்று.
நான் வழக்கம்போல. திருத்தியவை: இருபத்திரண்டு.
"கண்ணைக் கொஞ்சம் பெருப்பிக்கலாம்" என்றான்.
"ஒரு விரல் அளவு."
பேசிப் பார்ப்போம் என்றோம்.

பத்தரைக்கு இறங்கினோம்.
ஒழுங்கைக்குள் அவன் மோட்டார்சைக்கிளைப்
பின்பக்கமாக உருட்டினான், ஹெல்மெட் போட்டபடி,
திரும்பாமலே கேட்டான்:

"பின்னால என்ன?"
மான்.
"எத்தினை?"
மூன்று. ஒன்று மட்டைப்பெட்டி தின்னுது. நில்.

நின்றான்.